லிண்டல் மட்டத்தில் நிற்கும் வீடும் செவ்வாய்க்கிழமைக் கூட்டமும்

திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் கிராமச் சாலைகளில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். கதவு, சன்னலுக்கு மேல் வரும் லிண்டல் வரை எழும்பிய செங்கல் சுவர், மேலே வெறும் வானம். உள்ளே ஆடு கட்டியிருக்கும், விறகு அடுக்கியிருக்கும். பக்கத்திலேயே பழைய கீற்றுக் குடிசை. குடும்பம் இன்னும் அதில்தான். கேட்டால் "காசு பத்தலைங்க" என்பார்கள். அது பாதி உண்மை. அரசு வீட்டுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகையில் இரண்டு தவணையாவது இன்னும் அவர்கள் பெயரில் காத்துக்கொண்டிருக்கும். அதை வாங்க அடுத்த கட்டம் முடிந்திருக்க வேண்டும். அடுத்த கட்டத்தை முடிக்கக் கையில் பணம் வேண்டும். வீடு நின்றுபோவது இந்த இடைவெளியில்தான். ஊர்ச் சேவைச் சங்கம் ஒன்று உண்மையாக உதவக்கூடிய இடமும் இதுதான்.

ரோட்டரி, அரிமா போன்ற சங்கங்கள் வீட்டு உதவியில் இறங்கும்போது முதலில் எழும் யோசனை, "வருஷத்துக்கு ஒரு வீட்டை நாமே கட்டிக் கொடுத்திடுவோம்" என்பது. மனசு நல்லதுதான். ஆனால் 360 சதுர அடிக்கு, சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்தாலே 7 லட்சத்து 20 ஆயிரம் ஆகிறது. ஒரு குடும்பத்துக்கு அந்தப் பணம் மொத்தமும் போய்விடும், தெருவில் மற்றவர்கள் "அவங்களுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பார்கள். அதே தொகையைச் சுழல் நிதியாக வைத்து, வீட்டுக்கு 60,000 ரூபாய் வரை முன்கூட்டிப் பொருளாகக் கொடுத்தால், பன்னிரண்டு வீடுகளைக் கான்கிரீட் கூரைத் தளம் வரை நகர்த்தலாம். தவணை வந்ததும் பணம் திரும்பும், அடுத்த வீட்டுக்குப் போகும்.

இதற்குப் பணத்தைவிட முக்கியமாக வேண்டியது விடாமல் பின்தொடர்வது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை வாரக் கூட்டத்திலிருந்து தொடங்குகிறோம்.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் மூன்று நண்பர்களோடு கூடியதில் தொடங்கியது ரோட்டரி. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறை வைத்துச் சுழற்சியாகச் சந்தித்ததால் வந்த பெயர் அது. அந்தச் சங்கம் ஊருக்காக முதலில் கையிலெடுத்த வேலை பொதுக் கழிப்பறை என்பதை, வீட்டு உதவியைச் சின்ன வேலையாக நினைப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2016-க்குப் பிறகு மாதம் இரண்டு முறை கூடினாலே போதும் என்று விதி தளர்ந்தது. பல சங்கங்கள் அப்படியே மாறிவிட்டன. வீட்டு வேலை செய்கிற சங்கம் மட்டும் வாரக் கூட்டத்தை விடக்கூடாது. கொத்தனாருக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை கூலி, பேஸ்மெண்ட் (சுவருக்கு அடியில் எழுப்பும் மேடை) முடிந்த வீட்டில் அடுத்த வாரமே செங்கல் இறங்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கூடினால் மேஸ்திரி வேறு ஊர் வேலைக்குப் போய்விடுவார். அவரைத் திரும்பப் பிடிக்க இரண்டு மாதம் ஆகும்.

கூட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. ஏழரைக்கு மணி அடித்து, தமிழ்த்தாய் வாழ்த்து, ரோட்டரியின் நான்கு கேள்வி உறுதிமொழியான நான்கு வழிச் சோதனை, பிறந்தநாள் திருமணநாள் வாழ்த்து, செயலாளர் அறிவிப்பு எல்லாம் பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அடுத்து, கூட்ட ஒழுங்கைப் பார்க்கும் உறுப்பினரான சார்ஜென்ட் எழுந்து நிற்பார்; கூட்டம் களைகட்டுவது அவர் கையில்தான். சட்டையில் சங்கச் சின்னப் பின் குத்தாமல் வந்தவர், கைப்பேசி அலறியவர், பேப்பரில் படம் வந்தவர், புது வண்டி வாங்கியவர் என்று ஒவ்வொருவரிடமும் அபராதம். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனது என்று தானாக எழுந்து மகிழ்ச்சிப் பணம் போடுகிறவர்களும் உண்டு. தொகை 10 முதல் 100 ரூபாய்க்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் சிரிப்பு போய்விடும், சிறு கடை வைத்திருக்கும் உறுப்பினர் அடுத்த வாரம் வரத் தயங்குவார். உடல், சாதி, குடும்பச் சண்டை, உண்மையான காரணத்தால் வராமல் போனது, இவற்றில் எதுவும் அபராதப் பேச்சுக்குள் வரக்கூடாது.

முப்பது பேர் வந்து ஆளுக்குச் சராசரி 50 ரூபாய் போட்டால் வாரம் 1,500. ஐம்பது வாரத்தில் 75,000. இந்த அபராதப் பெட்டிப் பணத்தைக் கூட்டச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

சார்ஜென்ட் உட்கார்ந்ததும், பேச்சாளருக்கு முன்னால், பன்னிரண்டு நிமிடம் வீட்டு நேரம். ஒரு வெள்ளைப் பலகை போதும். இடப்பக்கம் வீடுகள், குடும்பத்தின் பெயர் இல்லாமல் எண் மட்டும். ஒருவருடைய வறுமையை முப்பது பேர் முன்னால் பெயர் சொல்லிப் படிக்கத் தேவையில்லை. மேல் வரிசையில் ஆவணம், அரசின் வீட்டு ஆணை, பேஸ்மெண்ட், லிண்டல், தளம், பூச்சு, மின் இணைப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நிமிடம், மூன்று கேள்வி: எந்தக் கட்டம், எது தடுக்கிறது, யார் எந்தத் தேதியில் போகிறார். "பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்ற பதிலைப் பலகையில் எழுதக்கூடாது. "வியாழக்கிழமை ஒன்றிய அலுவலகம், ஓவர்சியரைப் பார்க்க, இன்னார்" என்று எழுத வேண்டும். ஒரே நேரத்தில் ஆறு வீட்டுக்கு மேல் பலகையில் ஏற்றினால் பன்னிரண்டு நிமிடம் நாற்பதாகும். சாப்பாடு ஆறும், நாலாவது வாரம் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். தளம் போட்ட வாரத்தில் அந்த வீட்டுக்குப் பொறுப்பானவர் மணி அடிக்கலாம் என்று ஒரு வழக்கம் வைத்துப் பாருங்கள். அந்த ஓசைக்காகவே வெயிலில் அலைகிறவர்கள் சங்கத்தில் இருப்பார்கள்.

பேச்சாளரையும் இதற்கேற்ப அழைக்கலாம். தன்னம்பிக்கை உரைகள் போதுமான அளவு கேட்டாயிற்று. நில அளவரையும் வங்கி மேலாளரையும் ஒன்றியப் பொறியாளரையும் அழையுங்கள். கட்டாயம் ஒரு மேஸ்திரியையும் அழையுங்கள். இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கேள்வி. கேள்விகளை முந்தைய வாரமே எழுதிக் கொடுத்துவிட்டால் அரசு அலுவலர்கள் தயங்காமல் வருவார்கள். மேடையில் குறை சொல்லி அவரை மடக்கினால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

இனி திட்டங்கள். ஊரகத்தில் இப்போது பெரும்பாலும் இரண்டைப் பற்றித்தான் பேச்சு. 2016-இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் இடத்துக்கு வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் ஒன்று. குறைந்தது 25 சதுர மீட்டர், சமவெளிக்கு 1.20 லட்சம் அடிப்படை உதவி, கழிப்பறைக்குத் தனியாக 12,000, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கூலி நாட்கள், கான்கிரீட் தளத்துக்காக மாநில அரசின் கூடுதல் பங்கு. 2024-25-இல் மாநில அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் இன்னொன்று. 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம், மீதி 60 தீப்பிடிக்காத வேறு கூரை, வீட்டுக்கு 3.5 லட்சம். இரண்டிலுமே பணம் கட்டம் கட்டமாகப் பயனாளியின் கணக்குக்குத்தான் வரும். சங்கம் எந்தக் கட்டத்திலும் ஒப்பந்ததாரர் ஆகக்கூடாது, ஒப்பந்ததாரரைக் கொண்டுவரவும் கூடாது. வீட்டைக் கட்டுவது அந்தக் குடும்பம். நாம் கூட நிற்கிறோம், அவ்வளவுதான்.

ஆவணக் கட்டத்தில்தான் பாதிக் கோப்புகள் தூங்கும். மனையின் பட்டா தாத்தா பெயரில் இருக்கும். தாத்தாவுக்கு நாலு பிள்ளைகள், ஒருவர் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்றவர்களின் சம்மதம் அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், பிறகு உட்பிரிவோடு பட்டா மாறுதல் என்று வரிசையாகப் போக வேண்டும். ஒன்றை விட்டு மற்றதை முதலில் செய்ய முடியாது. இ-சேவை மையத்தில் மனு போட்டு ஒப்புகைச் சீட்டு வாங்குவதோடு வேலை முடிந்ததாக நினைப்பது பெரிய தவறு. உட்பிரிவுக்கு நில அளவர் நேரில் வர வேண்டும். அவர் வரும் நாளில் பக்கத்து மனைக்காரர்கள் இல்லையென்றால் எல்லைத் தகராறில் மனு திரும்பும். அன்று சங்கத்து ஆள் ஒருவர் இருந்து, முந்தின நாளே பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிட்டால் அந்த ஒரு நாளில் மூன்று மாதம் மிச்சம். வாய்க்கால், குளம், ஏரிக்கரைப் புறம்போக்கில் இருக்கும் குடிசைக்குப் பட்டா கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். அங்கே மாற்று மனை கேட்டு மனு போடுவதுதான் வழி, அது வேறொரு நீண்ட வேலை.

பயனாளிப் பட்டியல் கிராம சபையின் முன் வந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபை. பெயர் விடுபட்ட குடும்பத்தை அந்த நாளில் சபைக்குப் போகச் சொல்லி, கோரிக்கையை எழுத்தில் கொடுக்கவைத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். கொடியேற்றத்துக்குப் போய்விட்டுச் சபையை மறந்துவிடுகிற சங்கங்கள்தான் அதிகம்.

வங்கிக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது, வெளியே தெரியாது. முழுமையான அடையாள ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது. தவணை வந்து முட்டித் திரும்பும்போதுதான் இது தெரியவரும். ஆணை வந்த வாரமே வங்கிக்கு அழைத்துப் போய் முழுக் கணக்காக மாற்றி, ஆதார் இணைப்பைச் சரிபார்த்து, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள். ஆதாரில் "செல்வி", பாஸ்புக்கில் "தமிழ்ச்செல்வி" என்றால் அதையும் அன்றே திருத்த வேண்டும்.

மனையைப் பார்க்கப் போகும்போது டேப், கைப்பேசி, ஒரு கொத்தனார் மூன்றும் உடன் போகட்டும். ஆணையில் காட்டிய இடத்தில்தான் கட்ட வேண்டும். இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு படம் ஏற்றுகிறார்கள், "அண்ணன் மனை கொஞ்சம் மேடா இருக்கு, அங்க கட்டிக்கிறோம்" என்று நகர்ந்தால் அடுத்த கட்டப் படம் பொருந்தாது, தவணை நிற்கும். லாரி வரும் வழியையும் அளக்க வேண்டும். ஐந்தடிச் சந்து என்றால் மணலும் ஜல்லியும் தெருமுனையில் கொட்டித் தலைச்சுமையாகத்தான் வரும். அந்தக் கூலி எந்த மதிப்பீட்டிலும் இருக்காது.

பணத்தை விழுங்குவது பேஸ்மெண்ட். 360 சதுர அடிக்கு 2 அடி உயரம் என்றால், சுவர் போக உள்ளே நிரப்பவே ஏறக்குறைய 600 கன அடி, அதாவது 6 யூனிட் சவுடு மண் வேண்டும். மழைத் தண்ணீரைப் பார்த்துப் பயந்த குடும்பம் நாலடி கேட்கும். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் ஏற்றும் ஒவ்வொரு அடிக்கும் இன்னும் 3 யூனிட் நிரப்புமண்ணும் சுற்றுச் சுவரும் கூடும். முதல் தவணை வரும்போதே அதைவிட அதிகக் காசு மண்ணுக்குள் போயிருக்கும். எங்கள் கணக்கு, சாலையின் தலைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி. அதற்கு மேல் வேண்டுமென்றால் வீடு முடிந்து ஒரு வருஷம் கழித்து வாசலில் படி வைத்து முற்றத்தைச் சுற்றிக் கட்டு எழுப்பலாம். இரண்டாவது தவறு, "ஒரு ரூம் சேர்த்துப் போட்டுடலாம்" என்பது. லிண்டலில் நிற்கிற வீடுகளில் பலவற்றை அளந்து பாருங்கள், 450, 500 சதுர அடி இருக்கும்.

20-க்கு 18 அடி வீட்டுக்கு 9 அங்குலச் சுவர் 9 அடி உயரத்துக்கு 7,000 செங்கலுக்குக் குறையாமல் பிடிக்கும். மொத்த வீட்டுக்கும் சிமெண்ட் 140 மூட்டை அளவில், கம்பி 300 கிலோ அளவில். சிமெண்டும் கம்பியும் ஒன்றியக் கிடங்கில் கிடைத்தால் அதன் விலையைத் தவணையில் கழித்துக்கொள்வார்கள் என்பதைக் குடும்பத்துக்கு முதலிலேயே விளக்கிச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், "ஐம்பதாயிரம் வரணும், முப்பதுதான் வந்திருக்கு, எவனோ எடுத்துட்டான்" என்ற பேச்சு தெருவில் கிளம்பும், சங்கத்தின் பெயரும் அதில் சேர்ந்துவிடும்.

சுழல் நிதியைப் பணமாகக் கொடுக்கவே கூடாது. சிமெண்ட் கடையிலும் செங்கல் சூளையிலும் சங்கத்தின் பெயரில் கணக்கு, பொருள் மனையில் இறங்கியதும் வீட்டுப் பெண் கையெழுத்திட்ட சீட்டு, கடைக்காரருக்கு வங்கி வழியாகப் பணம். வட்டி ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. வாங்கினால் வட்டிக்குக் கடன் கொடுப்போர் மீதான 1957-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும், அதைவிட மோசமாக ஊர் நம்மைக் கந்துவட்டிக்காரர்களோடு சேர்த்து எண்ணும். இதே காரணத்தால் பாஸ்புக், ஏடிஎம் அட்டை, வெற்றுக் காசோலை எதையும் வாங்கி வைக்கக்கூடாது. எல்லாரும் திருப்பித் தருவார்களா? பெரும்பாலும் தருவார்கள். ஆனால் தவணை வந்த வாரத்தில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், போகவும் வேண்டும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் சார்ஜென்டின் அபராதப் பெட்டி. 75,000 ரூபாய் கைவசம் இருக்கும் சங்கம் முதல் பாக்கி விழுந்ததும் திட்டத்தை மூடிவிடாது. பொருளாகக் கொடுத்தது பணமாகத் திரும்ப வர மூன்று மாதம் ஆகும் என்று வைத்தே திட்டமிடுங்கள்.

வெளியிலிருந்து பணம் வரும்போது கவனம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஆசையாக அனுப்புவார். அவர் இந்தியக் குடியுரிமை விட்டவராக இருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவில்லாத சங்கம் அதைத் தொடக்கூடாது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வேண்டுமென்றால் சங்கத்தின் அறக்கட்டளைக்கு, அந்த நிதியைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது, அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

நாள்காட்டி ஒரு பெரிய விஷயம், சங்கங்கள் அதிகம் யோசிக்காத விஷயமும்கூட. ஆடி, புரட்டாசி, மார்கழியில் யாரும் மனை போட மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அடைமழை. தொடர்ச்சியாகக் கிடைக்கும் நல்ல காலம் தை முதல் ஆனி வரை. தையில் மனை போட்ட வீடு, தவணை இழுத்தால் ஆனி மாதம் லிண்டலில் நிற்கும். சரியாக அப்போது, ஜூன் 30 அன்று, ரோட்டரி ஆண்டு முடிகிறது. ஜூலை 1 முதல் புதுத் தலைவர், புது முழக்கம், புதுத் திட்டம். பழைய தலைவரின் வீட்டை முடிப்பதில் புதியவருக்கு ஈர்ப்பு குறைவு. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அமைப்பு அப்படி இருக்கிறது. அதனால் வீட்டுக் குழுவுக்கு மட்டும் மூன்று வருஷப் பதவிக்காலம் கொடுத்து, வருஷத்துக்கு ஒருவர் மட்டும் மாறும்படி சங்கத் தீர்மானம் போட்டுவிட வேண்டும். பதவியேற்பு விழாவில் புதுத் தலைவர் முதலில் கையெழுத்திடும் தாள் வீட்டுப் பலகையின் நகலாக இருக்கட்டும்.

தளம் போடும் நாளில் சங்கத்தினர் கூட்டமாகப் போய் நிற்பதைவிட, முந்தின நாள் மாலை இரண்டு பேர் போவது உபயோகம். கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் அடியில் வைத்திருக்கிறதா, மின்குழாய் போட்டாயிற்றா, முட்டுகள் வெறும் ஈர மண்ணில் நிற்கின்றனவா, பலகைக்கு மேல் நிற்கின்றனவா என்று பார்க்கலாம். மறுநாள் கலவையில் தண்ணீர் கூடிப்போவதுதான் பெரிய பகை. இளக்கமாக இருந்தால் தட்டிப் பரப்ப எளிது என்று ஊற்றுவார்கள். மூட்டைக்கு 25 முதல் 28 லிட்டர், அதற்கு மேல் ஊற்றிய ஒவ்வொரு குடமும் பின்னால் விரிசலாகவும் கசிவாகவும் வரும். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, இப்போது கடையில் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள், கோடையில் பதினான்கு நாள் நனைக்க வேண்டும். வேலைக்குப் போகிற குடும்பத்தால் மதிய நேரத்தில் முடியாது. ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்ட் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பணி கிடையாது. ஒரு ஹோஸ் குழாய், ஒரு முறைப் பட்டியல் போதும். அன்றைக்கு ஃபிளெக்ஸ் பேனர் வைக்கும் காசில் இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கிவிடலாம். குடும்பத்தைக் காசோலை பிடிக்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். அந்த வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் போகும் மகளின் முகத்தைப் பிறகு பார்க்க வேண்டும்.

பட்டாவும் இல்லை, திட்டமும் இல்லை, தனியாக ஒரு முதியவர் என்றால் வீடு கட்டும் பேச்சே வேண்டாம். கூரையைச் சரிசெய்யலாம். தகரம் போடும்போது பக்கவாட்டில் ஒன்றரை நெளிவாவது ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும், ரப்பர் வாஷர் உள்ள திருகு வேண்டும், அதையும் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக்கூடாது. காற்று தகரத்தைப் பிடுங்குவது இறவாணத்திலும் முகட்டிலும்தான், திருகுகளை அங்கே நெருக்கமாகப் போட வேண்டும். கீற்றின் குளிர்ச்சிக்குப் பழகியவருக்குத் தகரம் வேதனை. சுவர் உச்சியில் காற்றுப் போக அரையடி இடைவெளி விடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது உடனடியாகத் தேவைப்பட்டது தார்ப்பாய். 12-க்கு 14 அடிக் குடிசைக்கு 18-க்கு 24 அடிப் பாய் வேண்டும். சின்னதாக வாங்கி இரண்டை ஒட்டினால் முகட்டில் ஒழுகும். ஆணி அடிக்கக்கூடாது, ஓட்டையிலிருந்து கிழிந்துகொண்டே போகும். கண்ணிகளில் கயிறு கட்டித் தரையில் முளை அடித்தோ மணல் மூட்டையிலோ இழுத்துக் கட்ட வேண்டும், பலவீனமான கூரைக் கம்பில் அல்ல. ஐப்பசி பிறக்கும் முன் இருபது பாயும் நாலு கட்டு நைலான் கயிறும் சங்கக் கிடங்கில் இருக்க வேண்டும். புயல் அன்று கடையில் இருக்காது, இருந்தால் விலை மூன்று மடங்கு.

வீடு முடிந்து, வீட்டு வரி ரசீது வாங்கி, மின் இணைப்பும் வந்துவிட்டால் பலகையிலிருந்து எண்ணை அழித்துவிடத் தோன்றும். முதல் பெருமழை வரை விட்டுவையுங்கள். மழை விட்ட மறுநாள் காலை ஒருவர் போய்ப் பார்க்கட்டும்: தளத்தின் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, வடிகுழாயில் இலை அடைத்திருக்கிறதா, சன்னலுக்கு மேல் நீட்டிய சஜ்ஜாவின் இணைப்பில் ஈரம் இறங்குகிறதா, அடுப்படிச் சுவரில் கை வைத்தால் பிசுபிசுக்கிறதா. இந்த நாலையும் ஒரு மூட்டை சிமெண்டுக்குள் அப்போதே சரிசெய்துவிடலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை மணி அடித்துவிட்டு, எண்ணை அழிக்கலாம்.